பிக்ட் கற்களைப் பார்க்க ஸ்காட்லாந்துக்கு: கெடாவின் பீடோங்கிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

ஆண்டு இறுதி விடுமுறையில் ஸ்காட்லாந்து போகலாம் என்று நினைத்திருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் செதுக்கி நிறுத்திய தலைசிறந்த கற்களில் சில அந்த மாதங்களில் மரப்பெட்டிக்குள் இருக்கும். அபர்லெம்னோ ஊர்க் கற்களை இலையுதிர்காலத்தில் மூடினால் வசந்தத்தில்தான் திறப்பார்கள். இன்வருரி அருகே உள்ள மெய்டன் கல்லையும் அப்படித்தான் மூடிவைக்கிறார்கள். கல்லின் நுண்துளைகளில் இறங்கிய நீர் உறைந்து விரியும்போது மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆயிரத்து இருநூறு ஆண்டுச் சிற்பத்துக்கு அந்தப் பெட்டிதான் காவல். மீகிள் அருங்காட்சியகமும் குளிர்காலத்தில் திறக்காது. டிசம்பரில் அங்கே பகல் ஏறத்தாழ 7 மணி நேரம் மட்டுமே.

ஆகவே ஏப்ரல் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உள்ள நாட்களில்தான் தேதி குறிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே கடைசி, ஜூன் தொடக்க விடுமுறை பொருந்தும். பகல் 17 மணி நேரத்துக்கு மேல் நீளும். பிள்ளைகள் இல்லையென்றால் மே முதல் பாதியும் செப்டம்பர் முதல் பாதியும் இன்னும் நல்லவை. அப்போது காலை எட்டு, ஒன்பது மணிக்கும் சூரியன் தாழ்வாகவே இருக்கும். இந்தக் கற்களைப் பார்ப்பதற்கு அது எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

பிக்ட் மக்களின் பெயர் ரோமானியர் எழுத்தில் முதன்முதலாக கி.பி. 297இல் வருகிறது. ஃபோர்த் கழிமுகத்துக்கு வடக்கே, ஸ்காட்லாந்தின் கிழக்குப் பாதியில் அரசாண்டவர்கள். 685 மே 20 அன்று நெக்டான்ஸ்மியர் போரில் அவர்களின் மன்னன் பிரிடெய், தெற்கிலிருந்து படையெடுத்து வந்த நார்தம்பிரிய மன்னன் எக்ஃப்ரித்தை வீழ்த்தினான். 900ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் நாடு ஆல்பா என்ற அரசாக மாறியது. அவர்கள் எழுதிய வரலாற்று நூல் ஏதும் நம் கையில் இல்லை. கல்தான் சான்று.

கற்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். 1903இல் ரொமிலி ஆலனும் ஜோசஃப் ஆண்டர்சனும் வகுத்த பகுப்பு இது; குறைகள் சொன்னாலும் ஆய்வாளர்கள் இன்றும் இதையே கையாளுகிறார்கள். முதல் வகை, சீர்செய்யாத பாறையில் கோடாகக் கொத்திய சின்னங்கள்: பிறையும் ஒடிந்த அம்பும், இரட்டை வட்டும் மின்னல்கோடும், பாம்பு, சால்மன் மீன், கண்ணாடியும் சீப்பும், இன்ன விலங்கென்று சொல்ல முடியாத ஒரு நீள்மூக்கு மிருகம். இரண்டாம் வகை, செதுக்கிச் சமன்செய்த பலகைக்கல். ஒரு முகத்தில் புடைப்பாகச் சிலுவை, மறுமுகத்தில் சின்னங்களும் வேட்டையும் போரும். மூன்றாம் வகையில் சிலுவை உண்டு, சின்னம் இல்லை. சின்னங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். ஆட்களின் பெயர்களைக் குறித்தன என்ற கருத்து வலுவானதுதான், ஆனால் யாரும் இன்னும் படித்துக் காட்டவில்லை. 'இந்தச் சின்னத்துக்கு இதுதான் பொருள்' என்று அடித்துச் சொல்லும் கையேட்டை நம்பவேண்டாம்.

திட்டமிடும்போது ஒவ்வொரு வகையிலும் சில கற்களாவது வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கஸ், பெர்த் பகுதிகளில் இரண்டாம் வகை செழிப்பு. அபர்டீன் மாவட்டத்தில் முதல் வகை. ஒரே பகுதியில் சுற்றிவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஆங்கஸ் என்ற பெயர் புதிதாக இருக்கலாம், கத்ரி என்ற தோட்ட நிறுவனத்தின் பெயர் புதிதல்ல. 1821இல் சிங்கப்பூருக்கு வந்து அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி, ஆங்கஸ் மாவட்டத்தின் பிரீக்கின் வட்டாரத்துக்காரர். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் மலேசியா அந்த நிறுவனத்தை ஒரே காலையில் வாங்கியது நம் வரலாறு. அபர்லெம்னோ கற்கள் நிற்பது ஃபார்ஃபரிலிருந்து அதே பிரீக்கினுக்குப் போகும் சாலையோரத்தில். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களுக்குப் பெயர் கொடுத்த மண்ணைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு அந்தச் சாலை இன்னும் நெருக்கமாகும்.

புறப்படும் முன்

மலேசியக் கடப்பிதழுக்குப் பிரிட்டனில் விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ எனப்படும் மின்னணு அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் கட்டணம் 16 பவுண்டாக இருந்தது. பிரிட்டிஷ் அரசின் செயலியில் விண்ணப்பிக்கும் நாளில் காட்டும் தொகைதான் கணக்கு. இடையில் நின்று இரண்டு மூன்று மடங்கு வாங்கும் தளங்கள் நிறைய, கவனம். அனுமதி கடப்பிதழ் எண்ணோடு கட்டுண்டது. எனவே கடப்பிதழ் காலாவதி நெருங்கினால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், பிறகு இடிஏ. வரிசை மாறினால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டி வரும்.

கோலாலம்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், இஸ்தான்புல், லண்டன் என்று எங்காவது மாறி எடின்பரோ போகலாம். பீடோங்காரர்களுக்கு இரண்டு வழி: சுங்கை பட்டாணியில் இடிஎஸ் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில், அல்லது பினாங்கு விமான நிலையம். எந்த வழியானாலும் பினாங்கு முதல் எடின்பரோ வரையோ, கேஎல்ஐஏ முதல் எடின்பரோ வரையோ ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். மலிவாக இருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது போய்விடும். பொறுப்பேற்க ஆள் இருக்காது.

வாடகைக் காடி எடுப்பதென்றால் நமக்கு ஒரு வசதி: அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வட்டச் சாலையில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. மலேசிய லைசென்ஸ் வருகையாளருக்கு 12 மாதம் செல்லும். என்றாலும் ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துவைத்தால் வாடகை முகப்பில் வாக்குவாதம் இருக்காது. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணத்துக்கு டெபிட் கார்டை ஏற்காத நிறுவனங்கள் பல, பிள்ளையின் கார்டில் அப்பா ஓட்ட முடியாது. 'ஆட்டோ' காடிகள் அங்கே குறைவு, கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதம் முன்பே பதியுங்கள். வேகம் மைலில்: சாதாரண இருவழிச் சாலையில் உச்சம் 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். எண்ணெய் நிலையத்தில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். வடக்கே ஒற்றைத்தடச் சாலைகள் வரும். எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் படம் எடுப்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

இறங்கிய அன்று ஓட்டவும் வேண்டாம். எடின்பரோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு டிராம் இருக்கிறது. ஓர் இரவு தூங்கி எழுந்து, மறுநாள் காடியை எடுங்கள்.

பாதை

பத்து இரவுகள் இருந்தால் அவசரமில்லாமல் முடியும்: எடின்பரோ 1, ஆங்கஸ் 3, இன்வருரி வட்டாரம் 2, இன்வர்னஸ் 3, திரும்பவும் எடின்பரோ 1. சுற்றுக்கு 800 முதல் 900 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு மூன்று இடங்களுக்கு மேல் எழுதாதீர்கள். வரைபடத்தில் பத்து நிமிடமாகத் தெரிவது, கதவு திறந்து, வயல் தாண்டி, கல்லைச் சுற்றி வந்து, வெளிச்சத்துக்குக் காத்திருந்து ஒரு மணி நேரமாகிவிடும்.

ஆங்கஸ் பகுதிக்கு ஃபார்ஃபரோ பிரீக்கினோ தங்குமிடமாக இருக்கட்டும். பி9134 சாலையில் அபர்லெம்னோ. சாலையோரம் மூன்று கற்கள், சில நிமிட நடையில் தேவாலய முற்றத்தில் நான்காவது, கட்டணம் இல்லை. சாலையோரக் கற்களில் ஒன்று முதல் வகை: மேலே பாம்பு, நடுவில் இரட்டை வட்டு, கீழே கண்ணாடியும் சீப்பும். எளிமையான கோடுகள்தான், ஆனால் வளைவில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதற்கு அருகிலேயே உயரமான சிலுவைக் கல். இருபுறமும் தலைகுனிந்த வானவர், பின்புறம் வேட்டைக் காட்சி. ஒரே இடத்தில் முதல் வகையும் இரண்டாம் வகையும் அடுத்தடுத்து நிற்பதால், முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

தேவாலய முற்றத்துக் கல்லின் பின்முகத்தில் போர். மேல்வரிசையில் குதிரைவீரன் ஒருவன் வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட்டு ஓடுகிறான். நடுவரிசையில் காலாட்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக: முன்னவன் வாளும் கேடயமும், இரண்டாமவன் முன்னவனைத் தாண்டி நீளும் ஈட்டி, மூன்றாமவன் காத்திருக்கிறான். கீழ்வரிசை மூலையில், மூக்குக்காப்பு வைத்த தலைக்கவசத்தோடு விழுந்து கிடக்கும் வீரனைப் பறவை கொத்துகிறது. இது 685 போர்தான் என்று நீண்ட காலமாகச் சொல்கிறார்கள். அருகிலுள்ள டனிகன்தான் போர்க்களம் என்பது வழக்கம். 2006க்குப் பிறகு, வடக்கே பேடனோக் பகுதியின் டனாக்டன் என்ற வாதமும் வலுத்திருக்கிறது. கல் அந்தப் போருக்குப் பின் நெடுங்காலம் கழித்துச் செதுக்கியது. எந்தப் போராக இருந்தாலும், படை அணிவகுப்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பிக்ட் சிற்பம் வேறில்லை. இங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அடுத்த நாள் மீகிள். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 26 கற்கள், எல்லாம் அந்த ஊரிலும் சுற்றிலும் கிடைத்தவை. மழை நாளுக்கு இதை ஒதுக்கிவைக்கலாம். பெரிய சிலுவைக் கல்லின் பின்புறம் சிங்கங்களுக்கு நடுவே விவிலியத்தின் தானியேல். ஊர்க்காரர்களுக்கோ அது ஆர்தர் மன்னனின் அரசி வனோரா, விலங்குகள் கிழித்த கதை. போகும் வழியில் ஏ94 சாலையருகே ஈஸி என்ற இடத்தில், இடிந்த தேவாலயத்துக்குள் இன்னொரு சிலுவைக் கல் இருக்கிறது. அரை மணி போதும்.

அர்ப்ரோத் அருகே செயின்ட் விஜியன்ஸில் 38 கற்கள். இது நினைத்தபோது உள்ளே போகும் இடமல்ல. அர்ப்ரோத் அபே என்ற பழைய மடாலயத்தின் வழியாக முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. ட்ரொஸ்டன் கல் இங்கேதான். பிக்ட் கல்லில் லத்தீன் எழுத்தில் பெயர்கள் பொறித்திருப்பது மிக அரிது என்பதால், முயற்சி எடுத்து உள்ளே போங்கள். கோடையில் அவர்கள் நேரம் நமக்கு 7 மணி பின்னே. அங்கே காலை 10 என்றால் பீடோங்கில் மாலை 5; வேலை முடிந்து வந்து நிதானமாகத் தொலைபேசலாம்.

இன்வருரி வட்டாரத்தில் வேகமாகப் போகலாம். பிரான்ஸ்பட் கல் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. வேலிச் சுவருக்காக உடைத்த துண்டுகளை மீண்டும் சேர்த்து நிறுத்தியது. அதில் ஓகம் எனப்படும், கோடுகளாலான பழைய அயர்லாந்து எழுத்தும் உண்டு. மெய்டன் கல், இன்ஷ் அருகே பிக்கார்டி கல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரைனி ஊருக்கு மட்டும் முழு நாள் கொடுங்கள். கிரா கல் இன்னும் தன் பழைய இடத்திலேயே, வயலில் நிற்கிறது: மேலே சால்மன், கீழே அந்த நீள்மூக்கு மிருகம். மேலே தெரியும் டாப் ஓ நோத் மலைக்கோட்டை 563 மீட்டர். அங்கே ஏறத்தாழ 800 குடிசைத் தளங்கள் இருந்ததை அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். உச்சியில் காற்று பலமாக அடிக்கும்.

வடக்கே ஃபாரஸ் ஊரில் சுவேனோ கல், 6.5 மீட்டர், கண்ணாடிக் கூண்டுக்குள். வெயில் ஏறினால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். போர்க்காட்சி கிழக்கு முகத்தில்; மேகமூட்டமான காலையே இதற்குச் சரி. பர்க்ஹெட் கோட்டையில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1800களின் தொடக்கத்தில் ஊரும் துறைமுகமும் கட்டியபோது பாதிக்கு மேல் அழிந்தது. கிடைத்ததாகச் சொல்லும், காளை உருவம் செதுக்கிய முப்பது கற்களில் எஞ்சியவை ஆறு, அவையும் பர்க்ஹெட், எல்ஜின், எடின்பரோ, லண்டன் என்று பிரிந்து கிடக்கின்றன. ஆனால் பாறையில் குடைந்த கிணற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். படி வழுக்கும், பெரியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள்.

இன்வர்னஸிலிருந்து கிழக்கு ரோஸ் தீபகற்பம் ஒரு நாள். போர்ட்மஹோமக்கில் 1994 முதல் 2007 வரை மார்ட்டின் கார்வர் குழு தோண்டியபோது, பிக்ட் நாட்டு மடாலயம் ஒன்றும், நூல் எழுதத் தோல் பதப்படுத்திய பட்டறையும் வெளிப்பட்டன. கற்களை மட்டும் பார்த்துவந்த கண்ணுக்கு அங்கேதான் மனிதர்களின் அன்றாட வேலை தெரியும். தெற்கே இறங்கினால் ஹில்டன், ஷாண்ட்விக், நிக் மூன்றும் வரிசையாக வரும். ஷாண்ட்விக் கல் கண்ணாடிக்குள், கடலைப் பார்த்து. நிக் கல் பழைய தேவாலயத்துக்குள். உச்சியில் பாலைவனத் துறவிகள் பவுலுக்கும் அந்தோணிக்கும் பறவை அப்பம் கொண்டுவருகிறது. தேவாலயங்களுக்குள் உள்ள கற்களை ஞாயிறு காலையில் திட்டமிடாதீர்கள், வழிபாடு நடக்கலாம். வெள்ளி, சனி விடுமுறைக்குப் பழகிய கெடாக்காரர்களுக்கு ஞாயிறு நினைவில் தங்காது, நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.

காடி வேண்டாம் என்றால்? ரயிலிலேயே ஒரு நல்ல பகுதி முடியும். அபர்டீன்–இன்வர்னஸ் பாதையில் இன்வருரி நிலையத்திலிருந்து பிரான்ஸ்பட், ஃபாரஸ் நிலையத்திலிருந்து சுவேனோ, இரண்டும் நடை தூரம். இன்ஷிலிருந்து பிக்கார்டி கல் சற்று நீண்ட நடை. அபர்லெம்னோவுக்கு ஃபார்ஃபரிலிருந்து டாக்சி பேசிக்கொள்ளலாம். கிழக்கு ரோஸ் பகுதி காடி இல்லாமல் கடினம்.

கல்லைப் பார்க்கும் முறை

ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. உச்சிவெயிலில் வந்து நின்று, 'ஒன்றும் தெரியவில்லையே' என்று போய்விடுகிறார்கள். முதல் வகைக் கல்லின் கோடு சில மில்லிமீட்டர் ஆழம்தான். அம்மி கொத்துவதுபோல் கூர்முனையால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, பிறகு தேய்த்து இணைத்த கோடு அது. வெளிச்சம் நேராக விழுந்தால் நிழல் இல்லை. நிழல் இல்லையென்றால் கோடு இல்லை. பக்கவாட்டில், கல்லை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் வேண்டும்.

ஒவ்வொரு கல்லின் சிற்ப முகம் எந்தத் திசை என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்து எழுதுங்கள். வரைபடச் செயலியின் தெருப்படத்தில் நிழல் விழும் பக்கம் பார்த்தாலே தெரியும். கிழக்கு முகமென்றால் முற்பகல், மேற்கு முகமென்றால் பிற்பகல், வடக்கு முகமென்றால் கோடையின் விடியலும் அந்தியும் மட்டும். சூரியன் அந்த முகத்தை நேராகத் தாக்கும் நேரமல்ல, ஓரமாகத் தொடும் நேரமே உங்களுக்கானது.

வெயில் இல்லாவிட்டால் டார்ச். ஒருவர் கல்லின் பக்கத்தில் நின்று, ஒளி மேற்பரப்போடு 5 முதல் 10 பாகைக் கோணத்தில் விழுமாறு பிடிக்க, இன்னொருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். நேராகப் பிடித்தால் பயனில்லை. மற்றவர் குடையை விரித்து பகல் வெளிச்சத்தை மறைத்தால் இன்னும் துலங்கும். புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போய், புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளக் கற்களில் உளித்தடம் தேடிப் பழகுங்கள். பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருக்கும்போது கண்ணைப் பழக்க வேறெங்கும் போக வேண்டாம்.

கல்லில் சுண்ணக்கட்டி தடவாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. குங்குமம், பூ வைக்கத் தோன்றினாலும் வேண்டாம்; நிறம் நுண்துளைகளில் ஏறிவிடும்.

வயல்வெளியில் நடக்க ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் பயிரை மிதிக்காமல் ஓரமாகப் போகவேண்டும்; கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களிடம் நெருங்காதீர்கள். முழங்கால்வரை காலுறை, முழுக்கால்சட்டை போடுங்கள், புல்லில் உண்ணி இருக்கும். அது லைம் நோயைப் பரப்பும். தங்குமிடம் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் காதோரம் பாருங்கள். அட்டைக்குச் செய்வதுபோல் உப்போ எண்ணெயோ போடாமல், நுனி கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கிராமத்து இடங்களில் அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்பினால் வழிகாட்டிச் செயலி உங்களை ஏதோ பண்ணை வாசலில் விட்டுவிடும், ஒரே குறியீடு பல கிலோமீட்டர் பரப்புக்கு உரியது. வரைபடக் கட்ட எண்ணை எடுத்துவையுங்கள். பழைய கையேடுகள் காட்டும், தொல்லிடங்களைப் பட்டியலிட்ட கான்மோர் தரவுத்தளம் 2025இல் மூடப்பட்டு, ட்ரோவ் ஸ்காட் என்ற புதிய தளத்துக்கு மாறிவிட்டது. கற்களின் எண்களை அங்கே தேடலாம். வயலில் சமிக்ஞை கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள்.

பெட்டியில் குடையை விட மழைச்சட்டைக்கே வேலை அதிகம். காற்று குடையைத் திருப்பிவிடும். ஜூனிலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். இறைச்சியும் பால்பொருளும் பிரிட்டனுக்குள் அனுமதி இல்லை. ரெண்டாங் பொட்டலமும் நெய் டப்பாவும் சுங்கத்தில் போய்விடும். சிற்றூர்களில் உணவகம் சீக்கிரம் மூடும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள்.

கடைசி நாளை எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். பலர் முதல் நாளே போகச் சொல்வார்கள். நாங்கள் கடைசிக்கே வாக்களிப்போம். ஹில்டனில் நீங்கள் பார்த்தது நகல். அசல் இங்கே, கீழ்த்தளத்தில். பெண்ணொருத்தி குதிரைமேல் பக்கவாட்டில் அமர்ந்து வரும் வேட்டைக்காட்சி. பின்முகத்துச் சிலுவையை 1676இல் செதுக்கி எறிந்துவிட்டு, ஒருவருக்கும் அவருடைய மூன்று மனைவிகளுக்கும் கல்லறைக் கல்லாக்கினார்கள். 1921இல் லண்டன் போய், எதிர்ப்புக் கிளம்பியதால் எடின்பரோவுக்குத் திரும்பியது. அடிப்பாகம் 2001இல்தான் ஹில்டன் மண்ணிலிருந்து கிடைத்தது. அது பக்கத்து பாலின்டோர் கிராம மண்டபத்தில் இருக்கிறது, வடக்கே போன நாளில் அதையும் பார்த்துவிடுங்கள். கடற்கரையில் நகல் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அசல்முன் வருகிறவர்களுக்குக் கல்லின் அளவும் இழப்பும் சேர்ந்து புரியும். ஷெட்லாந்தில் 1958இல் கிடைத்த செயின்ட் நினியன்ஸ் தீவு வெள்ளிப் புதையலின் 28 பொருட்களும் இங்கேதான். நுழைவு இலவசம், மாலை 5 மணிக்கு மூடுவார்கள். காடியை அன்று காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் உள்ளே போய்விடுங்கள்.